மேற்குக் கதவின் தாழ்ப்பாள்

பட்டாசு ஆலைகளுக்குப் புதிதாகச் சூப்பர்வைசர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். நல்ல வார்த்தை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். மருந்து எப்படிக் கலப்பது, எவ்வளவு எடை வைப்பது, எந்த அறையில் எத்தனை பேர் என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். சான்றிதழும் தருவார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். நான் எழுதப் போவது என் வீட்டுக்காரரின் சட்டைப் பையைப் பற்றி, அப்புறம் ஒரு கதவைப் பற்றி. இரண்டுமே சின்ன விஷயங்கள்தான். சின்ன விஷயத்துக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று என்னிடம் கேட்டவர்கள் அநேகம் பேர். அவர்களுக்கெல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டைப் பை. என் வீட்டுக்காரர் லாரிக்கு லோடு ஏற்றும் வேலை பார்த்தார், நான் இருந்த அதே கம்பெனியில். விஸ்வநத்தம் தாண்டிப் போகிற வழியில் இருந்தது அந்தக் கம்பெனி. அவர் பீடி குடிப்பார். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் எல்லோரையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். பீடி, தீப்பெட்டி, அப்போதுதான் ஆளாளுக்கு வாங்க ஆரம்பித்திருந்த செல்போன், எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார். தீப்பெட்டி அகப்பட்டால் அன்றைக்கு வேலை கிடையாது, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். இவர் அடிக்கடி அகப்படுவார். வேண்டுமென்று கொண்டுவருவதில்லை. காலையில் டீக்கடையில் ஒரு பீடியைப் பற்ற வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் தீப்பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவார். கேட்டில் அவர் மானம் போகும். சூப்பர்வைசர் புருஷனே இப்படியா என்று என் மானமும் சேர்ந்து போகும்.

சொல்லிப் பார்த்தேன். சண்டை போட்டேன். இருக்கன்குடி மாரியம்மன் பேரில் சத்தியம் வாங்கினேன். சத்தியம் செய்த மறு வாரமே தீப்பெட்டியோடு அகப்பட்டார். அன்று சாயங்காலம் அவர் வேலைக்குப் போட்டுப் போகிற சட்டைகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலால் பைகளை வெட்டி எடுத்துவிட்டேன்.

"ஏ, ஒனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? பையில்லாத சட்டையப் போட்டுட்டு நாலு பேரு முன்னால எப்படிப் போவேன்?" என்று குதித்தார்.

"சட்டை ஒடம்ப மறைக்கத்தான? அதெல்லாம் மறைக்கும், போங்க" என்றேன்.

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தீப்பெட்டியை வேட்டி மடிப்பில் செருகிப் பார்த்திருக்கிறார். பஸ் படியில் ஏறும்போது இடுப்பில் குத்தியிருக்கிறது. கடைசியில் டீக்கடையிலேயே கொடுத்து வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் கேட்டில் அகப்படவே இல்லை. ஊரெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு திரிந்தார் தெரியுமா? மாரியாத்தா கண்ணைத் திறந்துவிட்டாளாம். இருக்கட்டும், ஆத்தாளுக்கே அந்தப் பெருமை போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. மனிதரைத் திருத்துவது பெரிய வேலை, நம் ஆயுசு போதாது. சட்டையைத் திருத்துவது சின்ன வேலை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எது முடியுமோ அதைச் செய்யுங்கள்.

இப்போது கதவுக்கு வருகிறேன்.

எனக்குப் பூச்சட்டிப் பகுதியில் வேலை. நகரத்துக்காரர்கள் புஸ்வாணம் என்பார்கள். காகிதக் கூம்புக்குள் பெண்கள் மருந்து செலுத்துவார்கள். ஓர் அறைக்கு நாலு பேர். ஒவ்வொரு அறைக்கும் கிழக்கே ஒரு கதவு, மேற்கே ஒரு கதவு, இரண்டும் வெளிப்பக்கம் பார்த்துத் திறக்கும். ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கம் ஓட வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டியிருந்தார்கள். வேலை நேரத்தில் கதவுகள் திறந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு அறை வாசலிலும் சிவப்பு எழுத்தில் போர்டு தொங்கும்.

போர்டு தொங்கிக்கொண்டே இருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மேற்குக் கதவுகள் எல்லாம் மூடிவிடும். மூடுவதோடு விடமாட்டார்கள், உள்ளே தாழ்ப்பாளையும் போட்டுவிடுவார்கள். நான் போய்ச் சத்தம் போடுவேன். திறப்பார்கள். நான் அடுத்த அறைக்குப் போவதற்குள் பின்னால் தாழ் விழுகிற சத்தம் கேட்கும். திட்டினேன். வேலையை நிறுத்துவேன் என்று மிரட்டினேன். முத்துமாரி என்று ஒருத்தி இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். அவள் ஒரு நாள் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"யக்கா, நீங்க நடந்துக்கிட்டே இருக்கீக. ஒங்களுக்கு எங்கன வெயிலு அடிக்குது?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. கோபம் வந்தால் நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அடுத்த வாரம் முத்துமாரி தன் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்கு லீவு போட்டாள். அவள் இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். மருந்து செலுத்துகிற வேலை எனக்குத் தெரிந்ததுதான், அதைச் செய்துதானே சூப்பர்வைசர் ஆனேன். ஆனால் நான் அந்த வேலை பார்த்தது கம்பெனியின் வேறொரு வரிசையில், வேப்பமரத்து நிழலில். இந்த மேற்கு வரிசைக்கு நிழலே கிடையாது. கரிசல் காடு வெட்டவெளியாகக் கிடக்கும்.

சாப்பிட்டு வந்ததும் வெயில் முதலில் காலில் விழுந்தது. பிறகு மடியில் ஏறியது. பிறகு முகத்துக்கு வந்துவிட்டது. அலுமினியப் பொடி வியர்வையில் ஒட்டிக்கொண்டு முகமெல்லாம் அரித்தது. பொடிக் கையால் கண்ணைத் துடைக்க முடியாது. கண் கூசி, கூம்புக்குள் மருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்றே தெரியவில்லை. மருந்து வேலை பார்க்கிறவளுக்குக் கண் தெரியவில்லை என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். ஆடி மாதக் காற்று. கதவை இழுத்து இழுத்து அடித்தது. மருந்து அறையில் கதவு படாரென்று அடித்தால் உள்ளே இருப்பவளுக்கு உயிர் போய் உயிர் வரும். உடனே தாழ்ப்பாளைப் போட்டேன். ஆமாம், நானேதான் போட்டேன். பக்கத்தில் இருந்த மூன்று பேரும் குனிந்துகொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அடுத்து என்ன நடந்தது தெரியுமா? தாழ் போட்ட கதவு சுவர் ஆகிவிட்டது. சுவர் ஓரம் இருந்தால் சாமான் அடுக்குவது மனித குணம். காலிக் கூம்பு வைத்திருக்கிற கூடைகள் காலடியில் இடைஞ்சலாக இருந்தன, அவற்றைத் தூக்கிக் கதவின்மேல் சாய்த்து அடுக்கினாள் ஒருத்தி. அதுவும் தினமும் நடப்பதுதான். இரண்டு வாசல் உள்ள அறை மத்தியானத்துக்கு மேல் ஒற்றை வாசல் அறையாகிவிட்டது. அதில் யார் பேரிலும் குற்றமே இல்லை. சோம்பேறிகளும் இல்லை, திமிர் பிடித்தவர்களும் இல்லை. வெயில் அடித்தது, அவ்வளவுதான்.

அன்றே மேனேஜரிடம் போனேன். அவர் முதலாளிக்குச் சொந்தக்காரர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் பேப்பரில் பார்க்கிறவர்.

"அண்ணாச்சி, மேற்கு வரிசைக்கு வெளிய ஒரு தகரப் பந்தல் போட்டுத் தாங்க. வெயிலு உள்ள வராது. கதவு தன்னால திறந்திருக்கும்."

"பிளான்ல இல்லாம ஒரு கம்பு கூட நட முடியாது, சம்முவத்தாயி. லைசன்சு போயிரும்."

"அப்ப மத்தியானத்துக்கு மேல வேற ரூமுக்கு மாத்தி விடுங்க."

"சீசன் நேரத்துல ரூமு எங்கன இருக்கு?"

"அப்ப அந்தத் தாழ்ப்பாளையாவது எடுத்துப் போடுங்க."

அதற்குத்தான் சிரித்தார். "திறந்தே இருக்கிற கதவுக்குத் தாழ்ப்பா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? கதவைத் திறந்து வைக்கணும்னு போர்டு மாட்டிருக்கோம். நீயும் தெனமும் சொல்ற. அதுக்கு மேல கேக்கலைன்னா அவுக தலையெழுத்து. ஒம் பொறுப்பு முடிஞ்சு போச்சு."

தம்பி, தங்கச்சி, இந்த ஒரு வாக்கியத்தை உங்களிடமும் யாராவது சொல்லுவார்கள். உன் பொறுப்பு முடிந்தது. கேட்கச் சுகமாக இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் வாயால் சொல்லிவிட்டால் பொறுப்பு முடியுமென்றால் அந்த வேலைக்கு ஒரு ரேடியோப் பெட்டியை வாங்கி வைத்துவிடலாமே, எனக்கு எதற்குச் சம்பளம்?

வாராந்திர விடுமுறைக்கு முதல் நாள் சாயங்காலம் அறைகளைக் கழுவிக் காயப் போடுவது வழக்கம். மறுநாள், அறைகளில் மருந்து இல்லாத அந்த விடுமுறையன்று, எங்கள் ஊர் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போனேன். வாட்ச்மேன் கேட்டதற்கு, கதவு ரிப்பேர் என்றேன். பொய்யில்லையே. என் வரிசையில் இருந்த மேற்குக் கதவுகள் அத்தனையிலும் உள் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். எல்லாம் இரும்பு. இரும்பு உரசினால் பொறி பறக்கும், மருந்து அறைக்குள் இரும்புச் சாமான் கூடாது என்று எங்களுக்கு வகுப்பெடுத்தவர்கள் மாட்டிய தாழ்ப்பாள்தான்! ராத்திரி களவு போய்விடும் என்று பேச்சு வரக் கூடாதே, அதற்காக வெளிப்பக்கம் இரண்டு கட்டை அடித்து, குறுக்கே செருக ஒரு மரச்சட்டம் செய்ய வைத்தேன். சாயங்காலம் வாட்ச்மேன் செருக வேண்டும், காலையில் உருவிக் கேட் அறைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். பகலில் யார் நினைத்தாலும் பூட்ட முடியாது.

சரி, காற்றில் கதவு அடிக்குமே? அதற்கு முத்துமாரி தலையில் இருந்த மல்லிகைப் பூதான் வழி சொன்னது. பூக்கட்டுகிற நூல். தாழ்ப்பாள் இருந்த இடத்துத் துளையில் ஒற்றை இழையைக் கோத்து நிலையில் முடிந்துவிட்டால், காற்றுக்குக் கதவு அசையாது. ஆள் மோதினால் அறுந்துவிடும். சணல் போட்டுப் பார்த்தோம், அறுபடவில்லை. சரவெடி பின்னுகிற நூல் போட்டோம், அதுவும் பிடிவாதம். பூநூல் ஒற்றை இழை போட்டபோது, அந்த வரிசையிலேயே ஒல்லியான பிள்ளை முழங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள், கதவு விரியத் திறந்துகொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கூடை அடுக்குகிற வழக்கமும் தானாகவே நின்றுபோயிற்று. முதல் நாளே ஒருத்தி பழைய ஞாபகத்தில் கூடையைக் கதவின்மேல் சாய்த்தாள். நூல் அறுந்து கூடை வெளியே உருண்டு, காலிக் கூம்புகள் எல்லாம் கரிசல் காட்டில் காற்றோடு பறந்தன. அவள் பின்னாலேயே ஓடிப் பொறுக்கினாள். அதைப் பார்த்த பிறகு ஒருவரும் அங்கே எதையும் சாய்க்கவில்லை. ஒரு வார்த்தை திட்ட வேண்டியிருக்கவில்லை எனக்கு.

இரண்டு நாளில் மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. வந்து பார்த்தார். நூலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"கதவு திறந்திருக்கணும்னு சட்டம் இருக்கு. நீ மூடி வைக்கச் சொல்லிக் குடுக்கிற. அதிகாரி வந்தா என்ன பதில் சொல்லுவ?"

"மூடிருக்கு, ஆனா திறக்கும்னு சொல்லுவேன் அண்ணாச்சி. மத்த வரிசையெல்லாம் திறந்திருக்குன்னு பேப்பர்ல இருக்கு, போய்ப் பாருங்க, தாழ் போட்டுக் கெடக்கு."

"எங்கிட்டக் கேக்காம எப்படிக் கழட்டுன?"

"கேட்டேனே! நீங்க சிரிச்சீக."

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. சீசன் மட்டும் இல்லையென்றால் அன்றைக்கே என்னை வெளியே அனுப்பியிருப்பார். தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்தது. சீசன் முடியட்டும், உனக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற வரிசைகளில் தாழ்ப்பாளைத் தொடக் கூடாது என்று ஆசாரிக்கும் உத்தரவு போனது.

ஆவணி மாதம். மத்தியானம் மூன்று மணி இருக்கும். நான் ஸ்டோர் அறை வாசலில் நின்று லேபிள் கட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். பெரிய வெடியெல்லாம் இல்லை, பெரிய அடுப்பை ஊதினாற்போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் முத்துமாரி இருந்த அறையின் கிழக்கு வாசல் முழுக்க வெள்ளை வெளிச்சம். வாசலே தெரியவில்லை. வெளிச்சத்துக்கு மேல் புகை.

ஓடினேன். கிழக்கு வாசல் பக்கம் போகவே முடியாது, அவ்வளவு அனல். அறையைச் சுற்றி மேற்கே ஓடினேன். ஓடும்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை. நூல் அறுந்திருக்க வேண்டும், நூல் அறுந்திருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடியிருக்கிறேன், பிறகு மற்றவர்கள் சொன்னார்கள்.

கதவு விரியத் திறந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் கரிசல் மண்ணில் மூன்று பேர் கிடந்தார்கள். மூன்றே பேர். "எங்கடி நாலாவது ஆளு? முத்துமாரி எங்கடி?" என்று கத்தினேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து முனகல் கேட்டது. முத்துமாரி தொட்டிக்குள் தோள் வரை கையை விட்டுக்கொண்டு நின்றாள். முடி ஒரு பக்கம் பொசுங்கிப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "யக்கா, கையிதான், கையி மட்டுந்தான்" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே சரிந்துவிட்டாள்.

நாலு பேரும் பிழைத்தார்கள். முத்துமாரிக்கு வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் போயிற்று. மற்ற மூவருக்கும் காலில் காயம், அவ்வளவோடு போயிற்று. எப்படித் தீப்பிடித்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தட்டு உரசியிருக்கலாம், என்னமும் இருக்கலாம். கிழக்கு வாசல் பக்கம் பிடித்தது, மேற்கே மோதி வெளியே வந்தார்கள். தாழ்ப்பாள் இருந்திருந்தால், கண்ணும் தெரியாமல் மூச்சும் முட்டுகிற அந்த நொடியில் யார் கை அதைத் தேடித் திறந்திருக்கும்?

மறுநாள் விசாரணைக்கு அதிகாரி வந்தார். அவர் வருவதற்கு முன் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முதல் முறையாக என்னை உட்காரச் சொன்னார்.

"கதவு ரெண்டும் சட்டப்படி திறந்திருந்துச்சு, அதனால தப்பிச்சிட்டாகன்னு சொல்லிரு. கம்பெனிக்கும் நல்லது, ஒனக்கும் நல்லது. நூலு கீலுன்னு பேச்செடுத்த, கதவை மூடுனவ நீதான்னு ஒந் தலையிலதான் விடியும்."

கம்பெனிக்கும் எனக்கும் நல்லது என்று அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எல்லோரும் தப்பித்திருப்போம். எனக்குச் சம்பளம், கம்பெனிக்கு லைசன்ஸ், பெண்களுக்குச் சீசன் வேலை. யோசித்துப் பார்த்தேன். மற்ற வரிசைகளில் அன்றைக்கும் தாழ்ப்பாள் அப்படியே இருந்தது. கதவு திறந்திருந்ததால் பிழைத்தார்கள் என்று எழுதிவிட்டால் போர்டு ஜெயித்துவிடும். போர்டு நன்றாக வேலை செய்கிறது என்று எல்லோரும் நம்புவார்கள். அதற்குக் கீழே தாழ் போட்டுக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த தீ எந்த வரிசையில் என்று காத்திருக்க வேண்டியதுதான்.

அதிகாரி எரிந்த அறை வாசலில் நின்று கேட்டார். சுற்றி எல்லோரும் நின்றோம்.

"கதவு திறந்திருந்ததா?"

மேனேஜர் முந்திக்கொண்டு, "திறந்தே இருந்துச்சு சார்" என்றார்.

"இல்ல சார், மூடியிருந்துச்சு" என்றேன் நான். "தெனமும் மூடித்தான் இருக்கும். எல்லா ரூமுலயும் அப்படித்தான். இந்த வரிசையில மட்டும் நாந் தாழ்ப்பாளக் கழட்டிட்டு நூலு கட்டுனேன். இடிச்சிட்டு வெளிய வந்துட்டாக. மத்த வரிசைகளையும் போய்ப் பாருங்க."

"கழற்றச் சொல்லி உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?"

"யாரும் குடுக்கல சார். நாந்தான் கழட்டுனேன். கழட்டாம இருந்தா இன்னைக்கு நாலு வீட்டு வாசல்ல பந்தல் போட்டிருப்பாக."

அதிகாரி என்னைப் பாராட்டியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? சினிமாவில்தான் அப்படி நடக்கும். வேலை நேரத்தில் கதவு மூடியிருந்தது விதி மீறல் என்று எழுதிக்கொண்டார். அனுமதி இல்லாமல் கதவில் மாற்றம் செய்தது இன்னொரு மீறல். கம்பெனியைச் சில வாரங்களுக்கு மூடிவிட்டார்கள், அதுவும் நல்ல சீசனில். எனக்கு இனி வேலை இல்லை என்று வாட்ச்மேன் மூலம் சொல்லி அனுப்பினார் மேனேஜர்.

வேலை போனது கூட வலிக்கவில்லை. ஊரில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுத்திருப்போம் என்று என் காதுபடவே பேசினார்கள். என் வீட்டுக்காரருக்கும் லோடு வேலை நின்றுபோனது. அவர் மட்டும் என்னைக் குறை சொல்லவில்லை. "பைய வெட்டுனப்பவே தெரியும், நீ இப்படித்தான்னு" என்று ஒரு நாள் சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அழுதேன். அழுதாலும், அதிகாரியிடம் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. இப்போதும் தோன்றவில்லை.

கம்பெனி திறந்த அன்றைக்கு நான் அங்கே இல்லை. நடந்ததை முத்துமாரிதான் வந்து சொன்னாள். கைக்கட்டு அவிழ்த்து, புதுத் தோல் சிவப்பாக வளர்ந்திருந்த கையோடு அவளும் அன்று வேலைக்குப் போயிருக்கிறாள். பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கி அறைகளுக்குப் போனால், எங்கள் மேற்கு வரிசையில் தாழ்ப்பாள் எல்லாம் திரும்ப மாட்டியிருந்தது. வெளிக் கட்டையைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். வாசலுக்கு வாசல் புதுப் போர்டு, முன்னைவிடப் பெரிய எழுத்தில். அந்தப் பொம்பளை செய்த எதுவும் இந்தக் கம்பெனியில் இருக்கக் கூடாது என்று மேனேஜர் சொன்னாராம்.

முத்துமாரி அறைக்குள் போகவில்லை. வாசலிலேயே நின்றாள். மேனேஜர் வந்து ஏன் நிற்கிறாய் என்று கேட்டார்.

"அண்ணாச்சி, நீங்க உள்ள வாங்க. இந்தா, என் எடத்துல உக்காருங்க. மருந்துத் தட்டு ஒங்க பக்கத்துல இருக்கட்டும். மத்தியானம் வெயிலு வரவும் நீங்களே எந்திரிச்சுத் தாழ்ப்பாளப் போட்டுக்கோங்க. சாயந்தரம் வரைக்கும் உள்ள இருங்க. இருந்துட்டு வந்தீகன்னா, நாளைக்கு நாங்க எல்லாரும் உள்ள போறோம்."

மேனேஜர் சிரிக்கப் பார்த்தாராம். யாரும் கூடச் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். ஆபீசில் தனக்கு வேலை இருக்கிறது என்றாராம்.

"எங்களுக்கும் வீட்டுல வேலை இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு முத்துமாரி வெளியே கரிசல் மண்ணில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் அன்றைக்குத் தீயிலிருந்து வந்த மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பிறகு அந்த வரிசை முழுக்க. பிறகு மற்ற வரிசைகள். தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினவர்களும் அங்கே உட்கார்ந்தார்கள். வெயில் ஏறிற்று. ஒருத்தி கூட எழுந்திருக்கவில்லை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. சிவகாசியிலிருந்து முதலாளி போனில் கத்தினாராம், அது வெளியே நின்றவர்களுக்கும் கேட்டதாம். மத்தியானத்துக்கு முன்னாலேயே ஆசாரியை ஆள் விட்டுக் கூட்டி வந்தார்கள். மேற்கு வரிசை மட்டும் போதாது, எல்லா வரிசையிலும் கழற்றினால்தான் உள்ளே போவோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு தாழ்ப்பாளாகக் கழற்றி மண்ணில் போடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். வெளிக் கட்டையைத் திரும்ப அடித்து முடித்த பிறகுதான் எழுந்தார்கள்.

என்னை அந்தக் கம்பெனி திரும்பக் கூப்பிடவில்லை. நானும் போய் நிற்கவில்லை. வேறு கம்பெனியில் சேர்ந்து, ஓய்வு பெறுகிற வரை அங்கேதான் இருந்தேன். அங்கே என்ன பாடு படுத்தினேன் என்பதை அங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாழ்ப்பாள்களைக் கழற்றிய அன்று சாயங்காலம் முத்துமாரி என் வீட்டுக்கு வந்தபோது கையில் தூக்குவாளி கனமாகத் தொங்கியது. கேட்டில் வாட்ச்மேன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, கண்டும் காணாததுபோல், "சோத்த மிச்சம் வச்சிட்டியாக்கும், போ போ" என்று விட்டுவிட்டாராம். அதை அப்படியே தலைகீழாக என் வீட்டுத் தரையில் கவிழ்த்தாள். கழற்றிய தாழ்ப்பாள்கள் சடசடவென்று விழுந்து அறை முழுக்க உருண்டன. என் வீட்டுக்காரர் திடுக்கிட்டு எழுந்து வந்தார்.

"அம்புட்டும் எடுத்துட்டு வந்துட்டேன் யக்கா. அங்கன கெடந்தா மறுபடி மாட்டிருவாக" என்றாள்.

அதில் ஒன்றையாவது ஞாபகத்துக்கு எடுத்து வைத்திருப்பேன் என்று நினைக்காதீர்கள். மறுநாள் தெருவில் பழைய இரும்புக்காரர் சைக்கிளில் வந்தார். அத்தனையையும் அவர் சாக்கில் கொட்டி, எடைக்குப் பேரீச்சம்பழம் வாங்கினோம். முத்துமாரியும் நானும் வாசலில் உட்கார்ந்து, போகிறவர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்து, மிச்சத்தை நாங்கள் தின்று தீர்த்தோம். கொட்டையைத் தெருவிலேயே துப்பினோம்.